தாமோதர் நதி புகட்டும் பாடம்

ஒரு திட்டத்தைத் தீட்டப் புகுமுன், எதனை முழுப்பொருளாகக் கொண்டு எண்ணுவது என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவுற உணர்த்துவது தாமோதர் நதியின் வரலாறு.

சோட்டா நாகபுரிப் பீடபூமியில் தோன்றி, சமவெளியில் இறங்கி, ஹூக்ளியில் கலக்கும் இந்நதியை 'வங்காளத்தின் துயரம்' என்றே அழைத்து வந்தனர். அதனை அடக்க முயன்றோர் நெடுங்காலம் கரைகளையே நம்பினர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரயில் பாதையைக் காக்கும் பொருட்டு இடக்கரை பலப்படுத்தப்பட்டது. வலக்கரையில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. பாதை பிழைத்தது, வலப்புறத்துக் கிராமங்கள் வெள்ளத்துக்கு இலக்காயின. துன்பம் தீரவில்லை, இடம் பெயர்ந்தது, அவ்வளவே.

1943 ஜூலையில் இடக்கரையும் உடைந்தது. யுத்த காலத்தில் கல்கத்தாவின் ரயில் தொடர்பு அறுந்தது. பர்த்வான் மகாராஜாவின் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. விஞ்ஞானி மேகநாத சாஹா அதில் அங்கம் வகித்தார். அமெரிக்காவில் 1933-ல் ஏற்பட்ட டென்னஸி பள்ளத்தாக்கு நிறுவனம் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அங்கிருந்து வந்த பொறியியலறிஞர் வூர்டுயின் 1944-ல் தீட்டிய திட்டம், எட்டு அணைகளையும் ஒரு தடுப்பணையையும் கொண்டது. வினாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளம் வரினும் தாங்கவேண்டும் என்பது கணக்கு. கரையை மட்டுமன்றி, மலை முதல் சமவெளி வரை பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகக் கண்ட திட்டம் அது.

1948-ல் சட்டம் இயற்றப்பட்டு, தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. எனினும், நிலம் மூழ்குவது மேலே அன்றைய பீகாரில். வெள்ளம் தணிவது பெரும்பாலும் கீழே வங்காளத்தில். ஆகவே இசைவு எளிதில் ஏற்படவில்லை. திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பஞ்சேத் (1959) ஆகிய நான்கு அணைகளும், துர்காபூர் தடுப்பணையுமே எழுந்தன.

எட்டில் நான்கு கட்டினால் பாதிப் பயன் கிட்டும் என்று கருதலாமா? கருதலாகாது. வெள்ளத்தைத் தாங்க நீர்த்தேக்கம் காலியாயிருக்க வேண்டும். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அது நிறைந்திருக்க வேண்டும். அணைகள் பல இருப்பின் இரண்டுக்கும் இடமுண்டு. நான்கே இருக்கையில், ஒன்றன் தேவை மற்றொன்றை நெருக்குகிறது. மேலும், மைத்தானிலும் பஞ்சேத்திலும் வேண்டிய நிலம் முழுவதும் கிட்டாமையால், கருதிய அளவுக்கு நீரைத் தேக்க இயலவில்லை. கீழ்ப்பகுதியிலோ, பெருவெள்ளம் அடங்கிற்று என்ற நம்பிக்கையில் ஆற்றுப் படுகையிலேயே குடியிருப்புகள் தோன்றின; படுகையும் மண் மேடிட்டது. 1978-ல் வங்காளம் மீண்டும் பெருவெள்ளத்தில் மூழ்கியது.

அணைகள் பயனற்றவை என்பதன்று நம் கருத்து. அவை மின்சாரம் தந்தன. பல வெள்ளங்களைத் தணித்தன. நாம் சொல்வது இதுவே: முழுமையாக எண்ணிய திட்டத்தில் ஒரு பகுதியை நீக்கினால், எஞ்சி நிற்பது பழைய திட்டத்தின் பாதியன்று, அது வேறொரு திட்டம். அதனை மீண்டும் அடியிலிருந்து கணக்கிடல் வேண்டும். கணக்கிடத் தவறினால், அக்கணக்கை நதியே போட்டுக் காட்டும்.