சுமையும் சுமைதாங்கியும்: கொட்டியாரக் குடாவை முன்னிறுத்திப் பாரந்தூக்கும் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரைப் பகுதியில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கட்டைபறிச்சான். வயலும் களப்பும் கடலும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் இப்பகுதியில் நெல்லும் மீனும் விறகும் மனிதத் தோளேறியே நெடுங்காலம் இடம்பெயர்ந்து வந்தன. ஈழத்தமிழர் வழக்கிற் 'பறித்தல்' என்னும் வினை பிடுங்குதலை மட்டுமன்றி, வண்டியிலோ வள்ளத்திலோ ஏற்றிய பொருளைக் கீழிறக்குதலையும் குறிக்கும். 'ஏற்றிப் பறித்தல்' என்பது இங்கு ஒரு தொழிலின் பெயர். ஊர்ப்பெயரின் காரணத்தை நாட்டுவது எமது நோக்கமன்று. ஆயினும் அப்பெயரைச் செவியுறுந்தோறும் அத்தொழிலும் எம் நினைவுக்கு வருகின்றது.

அத்தொழிலைத் தீங்கின்றிச் செய்யும் முறை எவ்வாறு அறியப்பட்டது? அதனைத் தொழிலாளருக்குக் கற்பிக்கவேண்டும் என்னும் கருத்து எப்போது தோன்றியது? கற்பித்தல் மட்டும் அவர்களின் முதுகைக் காக்குமா? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பண்டைய சான்றுகள்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையை வருணிக்குமிடத்து, கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் மாறிச் செல்லும் பண்டங்களையும், புலிப்பொறி இடப்பெற்றுக் குவிந்து கிடந்த பொதிகளையும் காட்டுகின்றது. அத்துறைக்கு வந்த பொருள்களுள் ஈழத்து உணவும் ஒன்றாகும். பொதிக்குச் சுங்கம் கொள்வோரைப் பற்றிப் பேசும் அப்பாட்டு, பொதியைத் தூக்கியோரின் முதுகைப் பற்றிப் பேசவில்லை. பெரும்பாணாற்றுப்படையோ மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகளின் முதுகிலுள்ள தழும்பைக் கண்டு கூறுகின்றது. இருபுறமும் ஒத்த பாரமாக அமையும்படி பொதி கட்டப்பட்டிருந்ததையும் அது காட்டுகின்றது. பாரத்தைச் சமன்செய்யும் அறிவும், சமன்செய்த பின்னரும் பாரம் தழும்பை விட்டுச் செல்லும் என்னும் உண்மையும் அங்கு ஒருங்கே பதிவாகியுள்ளன.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமை இடம்பெறுகின்றது. அது பகைவரின் வலியை அறிதற்குக் கூறப்பட்டது. எனினும் சிறு பாரங்கள் திரண்டு பெருந்தீங்காகும் என்னும் கருத்து, இன்றைய தொழில்நல மருத்துவர் திரள்சுமை பற்றிக் கூறுவதோடு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

சும்மாடும் சுமைதாங்கியும்

தமிழர் சுமைத்தொழிலில் இரு கருவிகள் எமது சிந்தனைக்கு உரியன. ஒன்று சும்மாடு, மற்றையது சுமைதாங்கி. துணியைச் சுருட்டித் தலையில் வைக்கும் சும்மாடு சுமப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழி. சுமைதாங்கியோ சுமப்பவர்க்காக ஊரார் அமைத்துக் கொடுப்பது. நிறுத்திய இரு கற்களின் மேற் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தி, ஏறத்தாழத் தோளுயரத்தில் வழியோரங்களில் இதனை அமைத்தனர். தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இவற்றை இன்றும் காணலாம். யாழ்ப்பாணத்திற் கேணி, ஆவுரஞ்சிக்கல், மடம் ஆகியவற்றோடு இது அறச்செயலாகப் போற்றப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் இருந்தது. இறக்க இயலாத சுமையோடு மாண்டவளுக்குப் பிறர் சுமையை இறக்கும் கல்லே நினைவுச் சின்னமாயிற்று.

சுமைதாங்கியின் சிறப்பு அதன் உயரத்திலேயே தங்கியுள்ளது. தலையிலுள்ள பாரத்தைத் தரையில் வைப்பதாயின் உடலை வளைத்தல் வேண்டும். மீண்டும் தூக்குதற்கு வேறொருவரின் கை வேண்டும். தோளுயரக் கல்லில் வைப்பதாயின் வளையவும் வேண்டா, துணையும் வேண்டா. தீங்கு பெரிதும் நேர்வது சுமந்து நடக்கும்போதன்று. குனிந்து எடுக்கும்போதும் குனிந்து வைக்கும்போதுமே. இவ்வுண்மையை அக்கல்லை நாட்டியோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

கொட்டியாரத்தின் பாரங்கள்

கொட்டியாரக் குடா நெடுங்காலமாகவே ஏற்றிப் பறிக்கும் இடமாக விளங்கியது. புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புதிய மரம் பொருத்தும் பொருட்டு இக்குடாவையே நாடியது. அதில் வந்த ரொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679 ஆம் ஆண்டிலே தப்பிச் சென்று, 1681 ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டமை வரலாற்று மாணவர் யாவரும் அறிந்ததே. 1795 ஆம் ஆண்டிற் பிரித்தானியர் கைப்பற்றிய திருகோணமலை, அவர்தம் கடற்படைத் தளமாக 1957 ஆம் ஆண்டுவரை நிலைத்தது. அதன்பின் சீனன்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் எழுந்தன. கப்பலிற் குவியலாக வரும் பொருளைப் பொறிகள் உறிஞ்சியும் அள்ளியும் எடுக்கின்றன. அதே பொருள் பையில் அடைபட்டு ஊர்க் கடையை அடையும்போது மறுபடியும் மனிதத் தோளையே நாடுகின்றது.

குடாவின் தென்கரையில் நெல்லே முதன்மையான பாரம். ஒரு புசல் நெல் 46 இறாத்தல். மூன்று புசல் கொண்ட சாக்கு 138 இறாத்தல்; அதாவது ஏறத்தாழ 63 கிலோகிராம். உரப்பையும் சீமெந்துப் பையும் 50 கிலோகிராம் கொண்டவை. பழைய அளவில் ஏறத்தாழ ஓர் அந்தர். இவ்வளவுகள் எவையும் தூக்குபவரின் உடலைக் கருதி வகுக்கப்பட்டவையல்ல. அந்தரும் புசலும் வணிகக் கணக்கின் வசதிக்காக ஏற்பட்டவை. கணக்கின் அலகே தோளின் அலகுமாயிற்று. இதனையே இத்தொழிலின் அடிப்படைக் குறையாக நாம் கருதுகின்றோம்.

தொழிலாளரின் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. தமிழகத்தில் ஊர்த் தலைமையைக் குறிக்கும் 'நாட்டாமை' என்னும் சொல், கொழும்புச் சந்தைகளில் மூட்டை தூக்குவோரைக் குறிக்கின்றது. பெயர் உயர்ந்தது, ஆனால் அதற்குரியவரின் முதுகோ ஒவ்வொரு மூட்டைக்கும் தாழ்ந்து எழவேண்டியதாயிற்று.

உடலின் கணக்கு

நொக்ஸின் நூல் வெளிவந்த காலத்திலேயே, 1680–81 ஆம் ஆண்டுகளில், இத்தாலிய அறிஞர் பொரெல்லியின் உயிரின அசைவு பற்றிய நூலும் அவர் மறைந்தபின் வெளிவந்தது. பாரஞ் சுமப்பவரின் முதுகுத் தசைகள் அப்பாரத்தினும் பன்மடங்கு விசையோடு இழுக்கவேண்டியுள்ளன என்பதை நெம்புகோல் விதிகொண்டு அவர் காட்டினார்.

இக்கணக்கை எளிதாக விளக்கலாம். முதுகுத் தசைகள் முள்ளந்தண்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கின்றன. 50 கிலோகிராம் மூட்டை முள்ளந்தண்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் முன்னே இருப்பின், தசைகள் அதனைப்போல் ஆறு மடங்கு, அதாவது 300 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான விசையைத் தரவேண்டும். கைகளை நீட்டி 60 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடித்தால் அது 600 ஆகும். குனிந்த உடலின் சொந்தப் பாரம் இதிற் சேர்க்கப்படவில்லை. மூட்டையின் பாரம் மாறவில்லை. விலகிய தூரமே மாறியது. பாரத்தை உடலோடு அணைத்துப் பிடி, அதன் அருகே கால்களை ஊன்று, தூக்கியபடி இடுப்பைத் திருகாதே, அடியெடுத்துத் திரும்பு என்னும் பயிற்சி விதிகள் யாவும் இக்கணக்கின் வழிவந்தவையே. தலைச்சுமை முள்ளந்தண்டிற்கு நேர்மேலே அமைவதால் நடக்கையில் இத்தூரம் மிகக் குறைகின்றது. நம் முன்னோர் சும்மாட்டை நம்பியதன் பொருத்தம் இதனாற் புலப்படும். எனினும் கழுத்தெலும்பு அப்பாரத்தைத் தாங்கியே ஆகவேண்டும் என்பதை மறத்தலாகாது.

1960களிற் சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் முள்ளெலும்புகளிடையேயுள்ள வட்டுகளில் அமுக்கத்தை நேரே அளந்து, முன்வளைதல் அதனை மிகுவிக்கும் எனக் கண்டார். அதற்கு முன்னரே, 1899 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே 92 இறாத்தல் இரும்புக் கட்டிகளைச் சுமப்போரை ஆராய்ந்த ரெய்லர், வேலைநேரத்தில் 43 சதவீதமே பாரத்தோடு இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். அவருடைய நோக்கம் உற்பத்திப் பெருக்கமே. ஆயினும் ஓய்வும் வேலையின் ஒரு பகுதியே என்னும் உண்மை அவ்வழியால் ஏட்டில் ஏறிற்று.

சட்டமும் பயிற்சியும்

1929 ஆம் ஆண்டிற் சர்வதேசத் தொழில் அமைப்பு, கப்பலில் ஏற்றப்படும் 1,000 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுள்ள பொதிகளில் நிறையைக் குறித்தல் வேண்டும் என உடன்படிக்கை செய்தது. அது பாரந்தூக்கிப் பொறிகளின் பாதுகாப்புக்கு ஏற்பட்டது. மனித முதுகுக்குரிய உடன்படிக்கை 1967 ஆம் ஆண்டிலேயே வந்தது. அவ்வாண்டின் 127 ஆம் இலக்க உடன்படிக்கையில் இரு உறுப்புரைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பாரஞ் சுமக்க அமர்த்துமுன் தொழிலாளருக்குத் தக்க பயிற்சி அளித்தல் வேண்டும் என்பது ஐந்தாவது. இயன்ற அளவு தக்க சாதனங்களைப் பயன்படுத்துதல் வேண்டும் என்பது ஆறாவது. நமது மொழியிற் கூறுவதாயின், முன்னையது சும்மாடு, பின்னையது சுமைதாங்கி. உடன் வந்த பரிந்துரை வளர்ந்த ஆணுக்கு 55 கிலோகிராமை உச்ச அளவாகக் குறித்தது. கொட்டியாரத்தின் மூன்று புசற் சாக்கு அதனையும் விஞ்சியது.

இந்தியா 2010 ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. இலங்கையில் 1934 ஆம் ஆண்டு வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகமும் ஏற்பட்டன. இவை போற்றத்தக்கன. எனினும் நட்டஈட்டுக்கு வேலைகொள்வோர் ஒருவர் வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்துக்குத் தொழிற்சாலை ஒன்று வேண்டும். தன் நெல்லைத் தானே தூக்கும் விவசாயிக்கும், நாளுக்கொரு வயலில் மூட்டை ஏற்றும் கூலியாளுக்கும் அவ்விரண்டும் இல்லை. அவருடைய முதுகு பழுதுற்றால் அது விபத்தாக எண்ணப்படுவதுமில்லை. வயதின் இயல்பாகவே கொள்ளப்படுகின்றது.

பயிற்சியின் எல்லை

1969 ஆம் ஆண்டிற் சுவீடனில் முதுகுப் பள்ளி என்னும் பயிற்சிமுறை தோன்றிப் பல நாடுகளிலும் பரவியது. முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்னும் படங்கள் தொழிலகச் சுவர்களை நிறைத்தன. ஆனால் அமெரிக்க அஞ்சற் பணியாளர் ஏறத்தாழ 4,000 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்பெற்று 1997 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்றோரிடையே முதுகுக் காயங்கள் குறையவில்லை எனக் காட்டியது. பயிற்சி பெற்றோரின் அறிவு வளர்ந்தது; ஆனால் அவர்தம் முதுகு காக்கப்படவில்லை.

இதன் காரணம் தெளிவு. தரையிற் கிடக்கும் அகன்ற மூட்டையை முழங்காலை மடக்கித் தூக்க முயல்வோர்க்கு முழங்காலே தடையாகி மூட்டையை முன்னே தள்ளும். நூறாவது மூட்டையைத் தூக்கும்போது களைத்த உடல் விதியை மறக்கும். பொதி பெரிதாகவும் தரை சேறாகவும் நேரம் குறுகியதாகவும் இருக்கையில், சரியாகத் தூக்கு என்று கூறுதல் பழியைத் தொழிலாளர் மீது சுமத்துவதாகவே முடியும். ஆகவே 1992 ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகள் வரிசையை மாற்றின. முதலிற் கையாற் றூக்குவதைத் தவிர்த்தல். தவிர்க்க இயலாதவிடத்துத் தீங்கை மதிப்பிடல். பின் அதனைக் குறைத்தல். பயிற்சி இவற்றிற்குத் துணையேயன்றி மாற்றன்று. அமெரிக்கத் தொழில்நல நிறுவகத்தின் 1991 ஆம் ஆண்டுச் சூத்திரம், எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போதும் 23 கிலோகிராமையே தொடக்க அளவாகக் கொள்கின்றது.

கட்டைபறிச்சானுக்கு இதன் பொருள்

இவ்வரலாற்றின் உண்மையைக் கொட்டியார மக்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லாஞ்சியிற் சென்ற பொருள் ஒவ்வொன்றும் இரு இறங்குதுறைகளிலும் கைமாறித் தூக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலமும், அதனையடுத்து உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறக்கப்பட்டபின், வயலில் ஏற்றிய மூட்டையை நகரிலேயே பறிக்க இயல்வதாயிற்று. இடையில் இருந்த ஏற்றலும் பறித்தலும் இல்லாதொழிந்தன. எப்பயிற்சியும் செய்யாததை இப்பாலங்கள் செய்தன. பாலமும் ஒரு சுமைதாங்கியே.

இனிச் செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. நெல்லையும் உரத்தையும் 25 கிலோகிராம் பைகளில் அடைத்தல். களஞ்சியத்திலும் களத்திலும் இடுப்புயர மேடை அமைத்து மூட்டையைத் தரையில் வையாதிருத்தல். உழவு இயந்திரப் பெட்டிக்கு உறுதியான சாய்பலகை இடுதல். பெரிய மூட்டையை இருவர் ஒரே சொல்லுக்கு ஒருங்கே தூக்குதல். வெயிலில் நிழலும் நீரும் இடையோய்வும் அளித்தல். இவற்றோடு, தூரத்தின் கணக்கைத் தமிழில், களத்திலேயே, சாக்கைக் கொண்டே கற்பித்தல் வேண்டும். விவசாயச் சங்கங்களும் பாடசாலைகளும் இதற்குப் பொருத்தமான களங்களாகும்.

பாரந்தூக்குதல் அறிவற்ற தொழில் என்னும் எண்ணம் பிழையானது என்பதையும், அவ்வறிவைத் தூக்குவோரிடம் மட்டும் எதிர்பார்த்தல் நீதியன்று என்பதையும் இதுவரை கண்டோம். சும்மாட்டை அவரவர் சுருட்டிக்கொள்வர். சுமைதாங்கியை ஊர்தான் நாட்டவேண்டும். வழிப்போக்கரின் தோளை எண்ணிக் கல் நாட்டிய சமுதாயம், தனக்கு உணவு தரும் தோளை எண்ணி ஒரு மேடை அமைக்கவும் ஒரு சாக்கைச் சிறிதாக்கவும் இயலாததன்று என்பதே எமது துணிபு.