நிலக்கரிக் குவியலிலிருந்து சேமக்கலம் வரை

மலாயாவில் மின்சாரம் அரசாங்கத்தின் கொடையாக வரவில்லை; தொழில் நடத்தியவர்களின் தேவையாக வந்தது. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங்கில், தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் கூட்டாக நடத்திய ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பொறிகள் மின்சாரத்தால் இயங்கின. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர் என்று பிள்ளையைத் தமிழர் போற்றுவர். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதற் பக்கத்திலும் அவர் பெயர் உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

அந்நாளில் மின்சாரம் வேண்டியவர் தமக்குரியதைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பின்னர் பொது மின்நிலையங்கள் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் நிலையம் 1920களின் பிற்பகுதியிலிருந்து பத்து ஆராங் நிலக்கரியைக் கொண்டு நகருக்கு ஒளி தந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் நிலையம் திறக்கப்பட்டது. பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. நிலக்கரி பிறகு கப்பலேறி வந்தது; கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் பெருநிலையம் எழுந்தது.

நிலக்கரிக்கு ஒரு வசதி உண்டு. அதை முற்றத்தில் குவித்து வைத்து, வேண்டும்போது எரிக்கலாம். அக்குவியலே நகரத்தின் சேமிப்பு. கதிரொளிக்கு அவ்வசதி இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954இல் சிலிக்கன் சூரியக்கலத்தை அறிவித்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் ஈயச் சேமக்கலமோ பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859இலேயே ஆக்கியது. இவ்விரண்டும் வணிகக் கட்டடத்தின் கூரையிலும் அடித்தளத்திலும் இணை சேர நெடுங்காலம் ஆயிற்று.

இடையில் பாங்கியில் ஓர் அரிய முயற்சி நடந்தது. மலேசிய எரிசக்தி மையம் 2007இல் எழுப்பிய அலுவலக வளாகத்தில் 92 கிலோவாட் சூரியத் தகடுகள் இருந்தன. அக்கட்டடம் சேமித்தது மின்சாரத்தை அன்று, குளிர்ச்சியை. குளிரூட்டும் பொறிகள் இரவில் இயங்கித் தரையின் கற்காரையையும் ஒரு தொட்டியையும் குளிர்வித்து வைத்தன. பகலில் அக்குளிர்ச்சி செலவாயிற்று. குளிரூட்டலே பெரும்பகுதி மின்சாரத்தை விழுங்கும் இந்நாட்டில் இதைவிடப் பொருத்தமான எண்ணம் அரிது. அது பரவாமற் போனது வருந்தத்தக்கது.

2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் கூரை மின்சாரத்தை விற்க வழிசெய்தது. 2019 முதல் இரண்டாண்டு, கட்டடத்தார் பொதுக் கம்பிக்குத் தந்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழித்துக்கொள்ள முடிந்தது. பொதுக் கம்பியே விலையில்லாச் சேமக்கலமாக உதவிய காலம் அது. 2021இல் வந்த திட்டத்தில் வணிகக் கட்டடத்தின் உபரிக்குச் சந்தை விலையே கிடைத்தது. அத்திட்டமும் 2025 ஜூன் 30இல் முடிந்தது. அதன் பின்னரே சொந்தச் சேமக்கலத்தைப் பற்றிய பேச்சு வலுத்தது.

இதற்குக் காரணம் மின்கட்டணச் சீட்டில் இருக்கிறது. பெரிய கட்டடம் செலவிட்ட யூனிட்டுக்கு மட்டுமன்றி, அம்மாதத்தில் எந்த அரைமணி நேரத்தில் மிகுதியாக இழுத்ததோ அந்த அளவிற்கும் பணம் கட்டுகிறது. 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை நடுத்தர மின்னழுத்த வணிகக் கட்டணத்தில் இது கிலோவாட்டுக்கு 30 வெள்ளி 30 காசு. 500 கிலோவாட் இழுக்கும் கட்டடத்திற்கு மாதம் 15,150 வெள்ளி. நண்பகலுக்குப் பின் சூரியத் தகடுகள் 100 கிலோவாட்டைத் தாங்கினால் 3,030 வெள்ளி மிஞ்ச வேண்டும். ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் கணக்கறிந்து நடப்பதன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை சில நிமிடங்களில் திரண்டுவிடும். தகடுகள் சோர்ந்துவிடும், கட்டடத்தின் வெப்பமோ அத்துணை விரைவில் தணியாது, குளிரூட்டி ஓயாது. அத்தகைய அரைமணி ஒன்று வந்தாலே மாதம் முழுதும் கண்ட மிச்சம் போயிற்று. அந்த 100 கிலோவாட்டை அரைமணி தாங்க 50 யூனிட் சேமிப்புப் போதும். மேகம் இரண்டு மணி நேரம் நின்றால் 200 யூனிட் வேண்டும்.

2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில் நேரவாரியாகக் கட்டணம் செலுத்துவோர்க்கு வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரமாயிற்று. கதிரவன் ஏறக்குறைய ஏழு மணிக்கு மறைகிறான். ஐந்து மணிக்கே அவன் வலி குன்றிவிடும். ஆகவே சேமக்கலத்திற்கு இரு வேலைகள் வந்தன: மேகத்திற்கு ஈடுசெய்தல், மாலைப் பொழுதைத் தாங்குதல். மூன்று மணி மழைக்கே முழுவதும் செலவிட்டால் ஏழு மணிக்கு வெறுங்கலமே மிஞ்சும். எவ்வளவு செலவிடுவது, எவ்வளவு காத்து வைப்பது என்பதே கட்டட மேலாளரின் அன்றாடக் கவலை. இன்று கணிப்பொறி வானிலை பார்த்து இதைத் தீர்மானிக்கிறது. காத்து வைக்கும் பங்கை வகுப்பவன் மனிதனே.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள துணிக்கடைகளுக்கு இக்கணக்கு வேறு. குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பெறும் சிறு கடைகளுக்கு அரைமணிக் கணக்கு இல்லை. யூனிட் கணக்கு மட்டுமே. அவர்களுக்குப் பகல் வேளையில் கூரைத் தகடுகள் பயன் தரும். சேமக்கலத்தில் ஆதாயம் மிகச் சிறிது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நெடுநேரம் எரியும் அக்கடைகளின் விளக்குகளுக்கு மின்சாரம் பொதுக் கம்பியிலிருந்துதான் வருகிறது.