கொட்டாங்கச்சியும் வெயிலும்

மாற்றலாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் பல்பு, தண்ணீர் விஷயத்தில்தான். ஜன்னலைத் திறந்தால் காயல். வாடகை வீட்டுக் கிணற்றிலோ வாயில் வைக்க முடியாத உப்பு. கார்பன் ஃபில்டர் வாங்கி மாட்டினேன். நாற்றம் போனது, நிறம் போனது, உப்பு மட்டும் அப்படியே இருந்தது. "காசைக் கொண்டுபோய்க் காயல்ல போட்டுட்டீங்க" என்றாள் மனைவி.

பி.காம். படித்தவனுக்குக் காரணம் விளங்கவில்லை. தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த ஊருக்கு இது பழைய தலைவலி. முன்பு ஆலுவாவிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் படகில் வந்திருக்கிறது. 1914-ல் சொவ்வரையிலிருந்து குழாய் வந்தது. ஆனாலும் கோடையில் இன்றும் டேங்கர் லாரிதான்.

ஃபில்டருக்குள் இருப்பது பெரும்பாலும் நம்ம கொட்டாங்கச்சி, இங்கே சிரட்டை. அதைக் கரியாக்கி, சுமார் 900 டிகிரி சூட்டில் நீராவி செலுத்தினால் நுண்ணிய துளைகள் விழும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர்! 1918-ல், முதல் உலகப் போரின்போது, விஷவாயு முகமூடிக்காக அமெரிக்கா தேங்காய் ஓட்டையும் பீச் பழக் கொட்டையையும் சேகரித்தது இதற்காகத்தான். நாற்றமும் நிறமும் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த உப்பு ஒட்டாது.

உப்பைப் பிரிக்க ஒரு வழி, தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைப்பது. 1872-லேயே சிலி நாட்டின் லாஸ் சலினாஸில், சுமார் 4,700 சதுர மீட்டர் கண்ணாடிக் கூரைக்கு அடியில் வெயிலாலேயே நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் எடுத்தார்கள். சுரங்கத்தில் உழைத்த கோவேறு கழுதைகளும் அதைத்தான் குடித்தன.

கரியும் வெயிலும் கைகோத்தது பிறகுதான். 2014-ல் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் கறுப்புக் கார்பன் அடுக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மொத்தத் தண்ணீரையும் சூடாக்காமல் மேற்பரப்பில் மட்டும் ஆவி எழுப்பினார்கள். 2017-ல் சீனாவின் நான்ஜிங்கில் அதையே கருக்கிய காளானில் செய்தார்கள். அப்புறம் சோளத்தட்டை, தாமரைக்காய்க் கூடு என்று வரிசையாகச் சோதனைகள்.

பாங்க்காரன் கணக்கு: சாதாரணக் கண்ணாடித் தொட்டி சதுர மீட்டருக்கு நாளுக்கு 2 முதல் 5 லிட்டர் தரும். நாலு பேர் குடிக்க மொட்டை மாடியில் ஒரு மூலை போதும். மட்டாஞ்சேரியில் தண்ணீர் இல்லாத மாதங்களும் வெயில் கொளுத்தும் மாதங்களும் ஒன்றே. மழைக்காலத்தில் வானமே கொடுத்துவிடும்.

இதற்கு ஒருவர் கடன் கேட்டு வந்தால்? "கரியில் படியும் உப்பை யார் கழுவுவது?" என்றுதான் முதலில் கேட்பேன். பதில் இருந்தால் ஃபைல் நகரும்.

அதுவரை, ஃபில்டர் வாங்கும் முன் உங்கள் தண்ணீரின் குறை நாற்றமா, உப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.