வலங்கைமான் சாஸ்திரியும் டர்பன் வீட்டுமனைகளும்

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பக்கத்து மனையில் இருக்கும் தனி வீட்டை இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டப் போறாங்களாம். தண்ணி, சாக்கடை, கார் நிறுத்த இடம் என்று ஆளாளுக்கு ஆட்சேபம். எல்லாம் நியாயம்தான். ஒரு வாடகைக்காரர் வாயைத் திறந்ததும், "ஓனருக்குத்தான் ஓட்டு சார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். நம்ம 1971 நகர் ஊரமைப்புச் சட்டம்கூட இவ்வளவு கறார் இல்லை. வரைவுத் திட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் தரலாம்.

அன்று ராத்திரி என் வலங்கைமான் குறிப்புகளைப் புரட்டினேன். வலங்கைமான் என்றதும் பலருக்குப் பாடைக்காவடிதான் நினைவு வரும். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1869-ல் பிறந்த ஊரும் அதுதான். அவர் மாட்டிக்கொண்ட ஒரு விவகாரம், கிட்டத்தட்ட இதே கேள்வி: தெருவில் யார் குடியிருக்கலாம் என்று முடிவு செய்வது யார்?

1925-ல் தென்னாப்பிரிக்க அமைச்சர் மாலன் ஒரு மசோதா கொண்டுவந்தார். நகரங்களில் இந்தியர் குடியிருக்க, வியாபாரம் செய்ய தனிப் பகுதி ஒதுக்குவது அதன் நோக்கம். 1926 டிசம்பரில் கேப்டவுனில் வட்டமேசை மாநாடு கூடியது. ஹபிபுல்லா தலைமையில் போன இந்தியக் குழுவில் சாஸ்திரியும் இருந்தார். 1927 ஒப்பந்தத்தில் மசோதா கைவிடப்பட்டது. பதிலுக்கு, பணம் கொடுத்து இந்தியர்களை ஊருக்கு அனுப்பும் திட்டத்தை நம்ம தரப்பு ஏற்றது. இந்த விலை அதிகம் என்பது என் கட்சி. அதே வருஷம் சாஸ்திரி அங்கே இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகப் போனார்.

மசோதா போச்சு, ஆனா ஓட்டு வரலை. இந்தியர்கள் புதிதாக நகரசபை வாக்காளராகச் சேரும் வழியை நேட்டால் மாகாணம் 1924-லேயே அடைத்திருந்தது. டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். நெரிசலைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அவர்களுக்குக் கவுன்சிலர் கிடையாது.

கையில் காசு சேர்ந்த சிலர் வெள்ளையர் தெருக்களில் வீடு வாங்கினார்கள். உடனே "ஊடுருவல்" என்று கூச்சல். விசாரித்த புரூம் கமிஷன், அது பெரிய அளவில் இல்லை என்று 1941-ல் சொன்னது. அக்கம்பக்கத்தார் விடவில்லை. 1943-ல் மறுபடி விசாரணை. இந்த முறை டர்பனில் கூடியிருக்கிறது என்றார்கள். அந்த வருஷமே டர்பனில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே வீடு, மனை கைமாறுவதை முடக்கிச் சட்டம் வந்தது. தெருவாசிகள் பேச்சை அரசு கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது!

1946 ஏப்ரலில் சாஸ்திரி இறந்தார். 1927-ல் தடுத்தது, ஜூனில் ஆசியர் நில உரிமைச் சட்டமாகத் திரும்பி வந்தது. அதே மாதம் டர்பனில் கேல் தெரு, அம்பிலோ சாலை முனையில் நகரசபையின் காலி மனையில் இந்தியர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சுமார் 2,000 பேர் சிறை போனார்கள். மேகசின் பாரக்ஸ் குடும்பங்களை 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். அப்போதும் அவர்களுக்கு ஓட்டு இல்லை.