வாளுக்கு முன் சொன்ன பதில்: மன்னார்க் கரை இலக்கியத்தில் வன்முறையும் தெரிவும்

1544ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் படை மன்னார்த் தீவில் இறங்கியது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் அங்குள்ள கடலோர மக்கள் சில காலம் முன்புதான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். புதிய சமயத்தைக் கைவிட மறுத்தவர்கள் வாளுக்கு இரையானார்கள். ஏறக்குறைய 600 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. போர்த்துக்கேயர் ஏடுகளில் பட்டிம் என்று வரும் அந்த இடத்தை இன்றைய தோட்டவெளியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். வேதசாட்சிகளின் இராக்கினிக்கு அங்கே கோவில் இருக்கிறது.

இந்தக் கொலையைப் பற்றி இரண்டு தரப்பு நமக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் போர்த்துக்கேய அரசனின் குடிகளாகிவிடுவார்கள், தன் முத்துக்குளிப்புக் கரை கைநழுவிப் போகும் என்று சங்கிலி அஞ்சினான். அந்த அச்சம் வீணானதும் அல்ல, 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். திருச்சபைக்கோ அந்த மரணம் புனிதம். ஆனால் வாளுக்கு முன் நின்ற மீனவனும் அவன் மனைவியும் என்ன நினைத்தார்கள்? அவர்களுடைய சொல் ஒன்றுகூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தனி மனிதர் தமக்காகச் செய்த தெரிவை அரசும் சமயமும் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டன. ஏடு விட்ட அந்த இடத்தைப் பிற்காலத்தில் நிரப்ப முயன்றது கூத்து.

மன்னார்க் கூத்து மரபை வடபாங்கு, தென்பாங்கு, வாசாப்பு என்று வகுத்துச் சொல்வார்கள். ஊர்க் கோவில் திருநாளையொட்டி அண்ணாவியார் பழக்கி விடிய விடிய ஆடுவது வழக்கம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தார். ஏட்டிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் கிடந்த பிரதிகள் வெளியூர் வாசகனின் கைக்கு வந்தது அந்த முயற்சியால்தான். அதற்கு நாம் இன்னும் உரிய நன்றி சொல்லவில்லை.

புனிதர் கதைகளை ஆடும் கூத்துகளில் ஒரு பொது அமைப்பு உண்டு. கொடிய அரசன் கொலுவுக்கு வருவான், அவன் வரவுக்கு மத்தளம் அதிரும். பிறகு விசுவாசியை இழுத்து வருவார்கள். அரசன் கேட்பான், விசுவாசி பாட்டிலேயே பதில் சொல்வார். ஆசை காட்டுவான், மிரட்டுவான், ஒவ்வொன்றுக்கும் பதில் பாட்டு வரும். தர்க்கம் முடிந்த பிறகே கொலைக்களம். செபஸ்தியாராக வேஷம் கட்டியவருக்கும் அரசனாக வந்தவருக்கும் மேடையில் சம அளவு குரல் கிடைக்கிறது. உண்மையான கொலைக்களத்தில் இந்தத் தர்க்கம் நடப்பதில்லை. 1544இல் நடந்திருக்குமா என்பது ஐயமே, போர் நடந்த 1980களில் நடக்கவில்லை என்பது நிச்சயம். வரலாறு கொடுக்காத பதில் சொல்லும் உரிமையைக் கூத்து கொடுத்தது. இந்த மரபின் ஆகப் பெரிய சாதனையாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

ஆனால் வேதசாட்சியின் கதை எளிது. அவருக்கு எது சரி என்று தெரியும், சாவும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. செத்துப்போகாமல் அலைகிறவர்களின் கதை அதைவிடக் கடினம். வடபுலக் கத்தோலிக்கக் கூத்தில் எஸ்தாக்கியார் அப்படிப்பட்டவர். உரோமப் படைத்தளபதி சொத்தை இழந்து, மனைவி மக்களோடு கப்பலேறுகிறார். கூலி கொடுக்க வழியில்லாதபோது கப்பல்காரன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கையில் இரண்டு பிள்ளைகளையும் விலங்குகள் கவ்விக்கொண்டு போகின்றன. தளபதி யாரும் அறியாத ஊரில் ஆண்டுக்கணக்கில் கூலிக்காரனாகிறார். 1984க்கும் 1990க்கும் பிறகு போருக்குத் தப்பித் தலைமன்னாரிலும் பேசாலையிலும் வள்ளமேறி, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கடந்து, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தவர்களுக்கு இந்தக் கதை வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

ஞானசவுந்தரி இன்னும் ஆழமான வழக்கு. மாற்றாந்தாயின் வஞ்சத்தால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படுகிறாள். அரசகுமாரன் மணக்கிறான். அவன் போருக்குப் போன இடத்தில் கடிதங்கள் மாற்றப்பட, கைக்குழந்தைகளோடு மறுபடியும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். கையில்லாப் பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல வடிவங்களில் உண்டு, நம் கரையில் அது தமிழ்ப் பாட்டோடு வேர் பிடித்தது. இக்கதையில் என்னை உறுத்துவது வெட்டப்பட்ட கைகளைக் காட்டிலும் அந்தக் கடிதங்கள்தாம். அவளைப் பற்றிய எல்லா முடிவும் அவள் காணாத தாள்களில் எழுதப்படுகிறது. எழுதக் கையில்லாதவளின் வாழ்வை மற்றவர்கள் எழுதுகிறார்கள். வன்முறையும் அந்நியமாதலும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாட்டார் கதை எனக்குத் தெரியவில்லை.

அத்தகைய தாள்கள் தலைமன்னார் இறங்குதுறை வழியாகவும் நிறையப் போயின. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பிறந்த தோட்டத்தைத் தவிர வேறு ஊர் அறியாதவர்கள் விண்ணப்பத்தை நிரப்பி, உறவுகள் ரயிலடியில் ஒப்பாரி வைக்க, மன்னார் மண் வழியாகக் கப்பலேறினார்கள். மு. சிவலிங்கம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று தம் கதைக்குத் தலைப்பிட்டது இந்த அழுகையை வைத்துத்தான். விண்ணப்பத்தில் தெரிவு இருந்தது, வாழ்வில் அது இருந்ததா என்பதுதான் மலையக எழுத்து விடாமல் கேட்கும் கேள்வி. அவர்களைக் கடந்துபோகும் பயணிகளாக மட்டும் மன்னார் பார்த்தது. நம் இலக்கியத்தின் குறைகளில் இதுவும் ஒன்று.

ஞானசவுந்தரிக்குக் கூத்தின் முடிவில் மாதாவின் அருளால் கைகள் திரும்ப வளர்கின்றன. மன்னார் அடம்பனைச் சேர்ந்த எழுத்தாளர் வெற்றிச்செல்விக்கு அப்படி நடக்கவில்லை. போராளியாக இருந்த காலத்தில் வெடிவிபத்தில் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்தவர் அவர். ‘ஈழப்போரின் இறுதி நாட்கள்’, ‘ஆறிப்போன காயங்களின் வலி’ முதலிய நூல்களில் போரின் முடிவையும் அதன்பின் தடுப்பு முகாமில் கழிந்த நாட்களையும் தாமே எழுதினார். அவருடைய அரசியலோடு உடன்படுவதும் மாறுபடுவதும் வாசகரின் உரிமை. ஆனால் தன்னைப் பற்றிய தாளைத் தானே எழுத உட்கார்ந்த பெண் என்ற வகையில் இந்தக் கரையின் இலக்கியத்தில் அவர் இடம் பெரியது. ஆயுதம் எடுத்தது தெரிவு என்றால், அதன் விலையைத் தன் பெயரில் பேசுவது அதனினும் கடினமான தெரிவு. போர் முடிந்து திரும்பிய பெண்ணை ஊர் எப்படிப் பார்த்தது என்பது இன்னமும் முழுதாக எழுதப்படாத கதை. அந்நியமாதல் சொந்த முற்றத்திலேயே தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஆல்பர் காம்யுவின் ‘அந்நியன்’ நினைவுக்கு வரும். 1942இல் வந்த அந்தப் பிரெஞ்சு நாவலை வெ. ஸ்ரீராம் தமிழுக்குத் தந்தார். அதன் நாயகனுக்கு வீடும் வேலையும் ஊரும் அப்படியே இருக்கின்றன, மனந்தான் ஒட்டவில்லை. நம்மவர் கதை தலைகீழ். மனம் ஊரோடு ஒட்டிக்கிடக்க, ஊரைப் பிடுங்கி எறிந்தார்கள். மேற்கின் அந்நியமாதல் கோட்பாட்டை ஈழக் கவிதைக்கு அப்படியே அளவுகோலாக வைக்கும் விமர்சனங்கள் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன.

ஊரைப் பிடுங்கிய செயல்களில் 1990 அக்டோபரை நேருக்கு நேர் பேசாமல் மன்னாரில் யாரும் வன்முறையைப் பற்றி எழுத முடியாது. வடமாகாண முஸ்லிம்களை, ஏறக்குறைய 75,000 பேரை, விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய், புத்தளத்து ஓலைக் குடிசைகளில் தலைமுறை வளர்த்தார்கள். வெளியேற்றியவர்களும் தமிழ் பேசினார்கள், வெளியேற்றப்பட்டவர்களும் தமிழே பேசினார்கள். எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா 2018இல் மறையும்வரை அந்த மக்களின் இழப்பை ஆவணமாக்குவதையும், தமிழரும் முஸ்லிம்களும் மீண்டும் பேசிக்கொள்வதையும் தம் பணியாகக் கொண்டிருந்தார். 1544இல் தோட்டவெளியில் மறுத்தவர்களுக்காவது ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்று மரபு சொல்கிறது. 1990இல் எருக்கலம்பிட்டியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிவு இல்லை, தர்க்கப் பாட்டும் இல்லை.

மன்னாரின் நினைவுகள் இப்படித் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டவெளி கத்தோலிக்கர் நினைவு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தது சைவர் நினைவு. மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்குத் தப்பி 1670இல் காட்டுக்குள் போன மாதா சிலை, 2008 ஏப்ரலில் எறிகணைகளுக்குத் தப்பி மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குப் போனது இன்னொரு நினைவு. 1985 ஜனவரியில் வங்காலைக் கோவிலில் இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்தியான் அடிகளாரை ஒரு சமூகம் நினைக்கிறது, அக்டோபர் வள்ளங்களை இன்னொரு சமூகம் நினைக்கிறது. 2018இல் மன்னார் நகரில் சதோச கட்டட வளவைத் தோண்டியபோது 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று 2019இல் அறிக்கை தந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அதை ஏற்கவில்லை. சங்கிலியின் வாளோடு அந்த எலும்புகளை முடிச்சுப் போடவும் நம்மிடம் சான்றில்லை. அந்தக் குழியில் கிடந்தவர்கள் எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார் என்று எலும்பைப் பார்த்து எவராலும் சொல்ல முடியவில்லை.

எஸ்.ஏ. உதயன் தம் நாவல் ஒன்றுக்கு ‘வாசாப்பு’ என்றே பெயரிட்டிருக்கிறார். கூத்தும் நாவலும் கைகோக்க முடியும் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஆகவே இதை வாசிக்கும் அண்ணாவிமாரிடமும் இளம் கவிஞர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுக் கட்டவும் தர்க்கம் அமைக்கவும் உங்களுக்குத் தெரியும். அடுத்த திருநாளில் செபஸ்தியாரை ஆடுங்கள், ஞானசவுந்தரியை ஆடுங்கள். அதே களரியில், எருக்கலம்பிட்டிப் புலவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, 1990இன் வெளியேற்றத்துக்கும் ஒரு வாசாப்புக் கட்டுங்கள். அன்று வள்ளமேறியவர்கள் சொல்ல முடியாமற்போன பதிலை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அந்தத் தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.