உலகத்துக்கே இரங்கல் இசை எழுதியவரும் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸும்

1/ ஏப்ரல் 25, 1939. கல்கத்தாவில் ஒரு ஆங்கிலேய இசையமைப்பாளர் காலராவால் இறந்துபோனார். பெயர் ஜான் ஃபோல்ட்ஸ். காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் மழை வெள்ளம் வடிஞ்சதும் வர்ற வயிற்றுப்போக்கைப் பார்க்கிற டாக்டரா, இவர் கதையை உங்ககிட்ட சொல்லணும்.

2/ 1880இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அந்த ஊரின் புகழ்பெற்ற ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். முதல் உலகப்போர் முடிந்ததும், எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல், இறந்த எல்லோருக்குமாக ஒரு இரங்கல் இசை எழுதினார். பெயர் 'எ வேர்ல்ட் ரெக்வியம்'. சர்ச்சில் இறந்தவர்களுக்காகப் பாடுவதுதான் ரெக்வியம்.

3/ 1923 நவம்பர் 11, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். பாடகர்கள், இசைக்குழு, ஆர்கன் என்று சுமார் 1,200 பேர். 1926 வரை ஆண்டுதோறும் நடந்தது. அப்புறம் நின்றுபோச்சு. மறுபடி முழுசா ஒலித்தது 2007இல்தான்!

4/ மனைவி மாட் மெக்கார்த்தி, அன்னி பெசன்ட்டோடு முன்பே இந்தியா வந்து நம்ம இசையைக் கற்றவர். 1935இல் குடும்பத்தோடு இந்தியா வந்தார்கள். ஃபோல்ட்ஸ் டெல்லி ஆல் இந்தியா ரேடியோவில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குத் தலைவரானார். நம்ம வாத்தியக் கலைஞர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கிழக்கையும் மேற்கையும் இணைத்து ஒரு சிம்பொனி எழுதினார். அதன் பிரதி இன்று இல்லை.

5/ 1939இல் கல்கத்தாவுக்கு மாற்றல். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே காலரா. வயசு 58.

6/ காலரா எப்படிக் கொல்லுது? கிருமியின் நச்சு, குடலிலிருந்து தண்ணியையும் உப்பையும் கொட்ட வைக்குது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துடும். நரம்பு வழியா உப்புநீர் ஏற்றும் சிகிச்சை அப்போதே இருந்தது. ஆனா அதுக்கு ஆஸ்பத்திரி வேணும், ஊசி வேணும், ஆள் வேணும்.

7/ ஒரு விஷயம் அப்போ யாருக்கும் தெரியாது. காலராவிலும் குடலில் ஒரு கதவு திறந்தே இருக்கு. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிட்டுப் போகும், பின்னாடியே தண்ணியும் போகும்.

8/ 1971, வங்கதேசப் போர். அதே வங்காளத்தில், எல்லை ஊரான பன்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மஹலனபிஸிடம் இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

9/ ஃபோல்ட்ஸ் இறந்து 32 வருஷம் கழிச்சு, அவர் இறந்த ஊருக்குப் பக்கத்திலேயே.

10/ அதனாலதான் கேட்கிறேன். உங்க வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கா? பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு காய்ச்சி ஆறிய தண்ணியில் முழு பாக்கெட்டையும் கரைங்க. பாதி பாதியா போடாதீங்க. பாக்கெட் இல்லையா? 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து. வாந்தி வந்தாலும் 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. சிறுநீர் குறைஞ்சா, குழந்தை துவண்டா, கரைசலைக் கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

11/ அடுத்த மழைக்கு முன்னாடி நாலு பாக்கெட் வாங்கி வைங்க. ரேஷன் கார்டு வச்சிருக்கிற பையிலேயே.