அரங்கனுக்கு 365, அத்திமரத்துக்கு ஒன்று: போர்வை பற்றி ஒரு குறிப்பு

கார்த்திகை மாதம் வளர்பிறை ஏகாதசி. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு அது கைசிக ஏகாதசி. அன்றிரவு நம்பெருமாளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக 365 வஸ்திரங்கள் சாற்றுவார்கள். வருஷம் முழுக்க நாள்தோறும் சாற்றியதில் ஏதாவது குறை இருந்தால் அது இந்த ஒரே இரவில் நிவர்த்தி ஆகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இன்னொரு காரணமும் ஊர்ல சொல்வாங்க: குளிர்காலம் வந்தாச்சு, பெருமாளுக்குக் குளிரும். இதே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் வைபவத்தின் பெயரே '108 போர்வை சாற்றுதல்'.

நான் சின்ன வயசிலிருந்து இதைப் பார்க்கிறேன். ஆனால் போர்வை என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க வைத்தது கோயில் இல்லை. நியூஜெர்சியில் என் அக்கா வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு சீமையத்தி மரம்.

அக்கா அந்த வீட்டை ஒரு வயதான இத்தாலியக் குடும்பத்திடமிருந்து வாங்கினாள். மரமும் சேர்ந்து வந்தது. முதல் கோடையில் பழமோ பழம். குளிர்காலம் வந்ததும், மரத்தை மூடணும்னு யாரோ சொன்னதை வைத்து, அடிமரத்தையும் கிளைகளையும் பழைய கம்பளியால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். ஏப்ரலில் பிரித்தால், தரைக்கு மேல் இருந்ததெல்லாம் சுள்ளி. போன் பண்ணி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேய், நம்ம ஊர்ல பெருமாளுக்கே வருஷா வருஷம் போர்வை சாத்தறாங்க. எனக்கு ஒரு மரத்துக்கு ஒழுங்கா சாத்தத் தெரியலையே."

வேர் செத்திருக்காது, தோண்டிப் போடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் தேட ஆரம்பித்தேன். உறைபனியையே நேரில் பார்க்காத ஒரு திருச்சிக்காரன் இதை ஆராய்ச்சி செய்வது கொஞ்சம் வேடிக்கைதான். இங்கே ஜனவரி ராத்திரியில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே நாங்க ஸ்வெட்டரைத் தேடுவோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உறையூர்ச் சோழர்கள் சூடியது அத்தி மாலை என்று சிலர் எழுதுகிறார்கள். அது அத்தி இல்லை, ஆத்தி. மந்தாரை வகையைச் சேர்ந்த வேறொரு மரம். ஆத்திசூடியில் வருவதும் அதுதான். நம்ம ஊர் நாட்டு அத்தி, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் மரம். அக்கா வீட்டில் இருந்தது சீமையத்தி, மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடல் ஓரங்களிலும் வளர்வது. இரண்டும் ஒரே பேரினம், ஃபைகஸ். ஆலும் அரசும்கூட அதே குடும்பம்தான். பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே இருக்கும். 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

இந்தக் குடும்ப ஒற்றுமையைத் தாவரவியலாளர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே யாரோ கவனித்திருக்கிறார்கள். விஷ்ணு சஹஸ்ரநாமத்தில் ந்யக்ரோத, உதும்பர, அச்வத்த என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வடமொழியில் இவை ஆல், அத்தி, அரசு ஆகிய மரங்களின் பெயர்கள். மூன்றுமே ஃபைகஸ். இந்த சஹஸ்ரநாமத்துக்கு 'பகவத்குணதர்ப்பணம்' என்ற வியாக்கியானம் எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பராசர பட்டர், கூரத்தாழ்வானின் மகன். இதே பட்டர் பெருமாள் முன்பு கைசிக புராணம் வாசித்து 'மேல்வீடு' பெற்றார் என்பது ஸ்ரீரங்கத்து மரபு. இன்றும் கைசிக ஏகாதசி இரவில் அவர் வம்சத்தார்தான் அந்தப் புராணத்தை வாசிக்கிறார்கள். அத்தியும் போர்வையும் நம்ம ஊரில் ஒரே மனிதரைச் சுற்றி வருவது தற்செயல்தான். இருந்தாலும் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, சீமையத்திக்கு வருவோம். மனிதன் பயிரிட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஜெரிக்கோ பக்கத்தில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய அத்திப்பழங்கள் சுமார் 11,400 வருஷப் பழமையானவை என்று 2006-ல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. விதை முளைக்காத வகை என்பதால், யாரோ குச்சியை வெட்டி நட்டுத்தான் வளர்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். குச்சி நட்டால் வளரும் என்பதுதான் இந்த மரத்தின் விதியையே தீர்மானித்தது. ஊரை விட்டுப் போகிறவன் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டால் போதும். அப்படியே அது தன் சூட்டு நாட்டை விட்டுக் குளிர் நாடுகளுக்குப் போய்விட்டது.

அங்கே அதற்கு என்ன ஆகும்? சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் கிளைகள் பட்டுப்போக ஆரம்பிக்கும். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து வெடித்துவிடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. ஐஸ் முதலில் செல்களுக்கு இடையே உள்ள வெளியில் உருவாகிறது. அந்த ஐஸ் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. அதாவது குளிரில் சாகும் கிளை ஒருவிதத்தில் தாகத்தில் சாகிறது. மண்ணுக்குள் இருக்கும் வேர் தப்பித்துவிடும், மறுபடி துளிர்க்கும். ஆனால் சீமையத்தியில் முதல் போகம் போன வருஷத்துக் கிளையில்தான் வரும். கிளை போனால் அந்தப் போகம் போச்சு. இரண்டாம் போகம் புதுத் துளிரில் வரும், ஆனால் குறுகிய கோடையில் பழுப்பதற்குள் மறுபடி குளிர் வந்துவிடும். ஆக மரத்தை உயிரோடு வைப்பது வேறு, கிளையை உயிரோடு வைப்பது வேறு.

இதற்கு பிரான்சில் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று ராஜாவின் விடை. பதினான்காம் லூயிக்கு அத்திப்பழம் உயிர். வெர்சாயில் 1678 முதல் 1683 வரை அவருக்காகக் காய்கனித் தோட்டம் அமைத்தவர் லா கேந்தினி. படிப்பால் வக்கீல், ஆர்வத்தால் தோட்டக்காரர் ஆனவர் (என்னை மாதிரி ஆட்களுக்கு ஆறுதல் தரும் தகவல்). அவர் நூற்றுக்கணக்கான அத்தி மரங்களை மரப்பெட்டிகளில் வளர்த்து, குளிர்காலம் வந்ததும் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். ஆள் பலம் இருந்தால் எதுவும் முடியும்.

இன்னொன்று பாரிஸுக்குப் பக்கத்தில் ஆர்ஜன்தேய் என்ற ஊர் விவசாயிகளின் விடை. பாரிஸ் சந்தைக்கு அத்திப்பழம் அனுப்பிய ஊர் அது. அவர்களிடம் பெட்டியும் இல்லை, கட்டடமும் இல்லை. மரத்தை உயரமாக வளர விடாமல், வளையக்கூடிய கிளைகளாகத் தரையை ஒட்டியே வளர்த்தார்கள். இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, பள்ளம் வெட்டி, அதில் படுக்க வைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். வசந்தத்தில் தோண்டி எழுப்பினார்கள். மரத்தையே புதைத்து எடுப்பது! 1879 டிசம்பரில் பாரிஸ் மைனஸ் 23.9 டிகிரி வரை போனது. அந்த மாதிரி ஊரில் அத்திப்பழத்தை வியாபாரமாகச் செய்ய வேறு வழி இல்லை.

இதே வேலையை இத்தாலியர்கள் அமெரிக்காவில் செய்தார்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அங்கே போனார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலி விவசாயிகள். நியூயார்க், நியூஜெர்சி கொல்லைகளில் அத்தியை வேரின் ஒரு பக்கம் வெட்டிச் சாய்த்துப் புதைத்தார்கள். சாய்க்க முடியாத பெரிய மரத்தைக் கட்டி, காய்ந்த இலை திணித்து, சாக்கும் பழைய கம்பளமும் சுற்றி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். அந்த வாளி உள்ளே மழைநீர் இறங்காமல் இருப்பதற்கு.

அப்படியானால் அக்காவும் கம்பளிதானே சுற்றினாள்? அது ஏன் பலிக்கவில்லை?

இதற்கு விடை எனக்கு ஊட்டியிலிருந்து கிடைத்தது. நம்ம தமிழ்நாட்டிலேயே செடிக்குப் போர்வை போடும் இடம் அதுதான். 1848-ல் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் பொறுப்பேற்று உருவாக்கிய தாவரவியல் பூங்காவில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் மலர்ச்செடிகளை 'கோத்தகிரி மிலார்' என்று சொல்லும் செடிகளைக் கொண்டு மூடி வைப்பார்கள். மெக்கைவருக்கே மரத்தைப் போர்த்துவதில் ஒரு தனிக் கதை உண்டு. நீலகிரியில் சின்கோனா வளர்த்தபோது, கொயினாவுக்காகப் பட்டையைப் பட்டையாக உரித்துவிட்டு, அந்த இடத்தைப் பாசியால் போர்த்திக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது, மரம் சாகவில்லை. அந்தப் போர்வை குளிருக்கு இல்லை, ஈரத்துக்கு.

ஊட்டி உறைபனி, மேகம் இல்லாத ராத்திரியில் நிலம் தன் சூட்டை வானத்துக்குக் கதிராக இழப்பதால் வருவது. காலையில் வெயில் வந்தால் போய்விடும். ஆகவே செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு இருந்தால் சில மணி நேரத்தைக் கடத்திவிடலாம். நியூஜெர்சி குளிர் அப்படி இல்லை. பல நாள் விடாமல் நிற்கும்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கிற சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். நாம் போர்த்திக்கொண்டால் கதகதப்பாக இருக்கிறது என்றால், சூட்டை உண்டாக்குவது நம் உடம்பு. இலையுதிர்த்துத் தூங்கும் மரத்துக்குள் அப்படி அடுப்பு எதுவும் இல்லை. அதன் அடிமரத்தில் எத்தனை கம்பளி சுற்றினாலும், ரெண்டு மூணு நாளில் உள்ளேயும் வெளிக்குளிர்தான். மரத்துக்கு இருக்கும் ஒரே அடுப்பு அதன் காலடியில் இருக்கும் மண், கோடை முழுக்கச் சூட்டைச் சேமித்து வைத்த மண். ஆர்ஜன்தேய் விவசாயி மரத்தை அடுப்புக்குள்ளேயே படுக்க வைத்தான். இத்தாலியத் தாத்தா இலையைத் தரையோடு சேர்த்து அகலமாகக் குவித்தார். அக்கா மரத்துக்குச் சட்டை போட்டாள், தரையைத் திறந்து விட்டுவிட்டாள். போதாததற்கு அந்த பிளாஸ்டிக், பகல் வெயிலில் உள்ளே சூடேற்றி, ஈரத்தை வெளியே விடாமல், ராத்திரி மறுபடி உறைய வைத்திருக்கும். உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவது, ஒரே சீரான குளிரைவிட மோசம்.

இதை அவளுக்குப் போனில் விளக்கியபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ மரத்துக்கு இல்லடா, பூமிக்குத்தான் போர்வை சாத்தணும்" என்றாள். நான் இவ்வளவு படித்து எழுதியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

அந்த மே மாதக் கடைசியில் வேரிலிருந்து நாலு துளிர் வந்தது. அவற்றில் மூன்றை மட்டும் விட்டுத் தாழ்வாக வளர்த்தாள். நவம்பரில் இலை கொட்டிய பிறகு, வளையும் கிளைகளைக் கட்டிப் பள்ளத்தில் சாய்த்து, பலகை, காய்ந்த இலை, அதற்கு மேல் மண் என்று மூடினாள். ஏப்ரல் கடைசியில், உறைபனி ஓய்ந்த பிறகு, மேகமூட்டமான ஒரு நாள் பார்த்துத் திறந்தாள் (இவ்வளவு நாள் இருட்டில் இருந்த பட்டையை நேரே வெயிலில் காட்டக்கூடாது). கிளை நுனிகளை நகத்தால் கீறிப் பார்த்தாளாம். பச்சை.

ஜூலையில் முதல் போகம், ஏழு பழம். போன வருஷத்துக் கிளையில் வந்தவை. போட்டோ அனுப்பினாள்.

இங்கே கொள்ளிடக் கரையில் நிற்கும் நாட்டு அத்திக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அது பாட்டுக்கு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் காய்த்துக் கொட்டுகிறது, பறவையும் வௌவாலும் தின்கின்றன. குளிர் நாட்டில் அத்தி வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால், நவம்பர் தாண்டுவதற்குள் காய்ந்த இலையைச் சேர்த்து வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

இந்த வருஷம் கைசிக ஏகாதசிக்குக் கோயிலில் இருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அங்க 365 ஆச்சா? இங்க ஒண்ணு ஆச்சு." கூடவே ஒரு மண்மேட்டின் படம்.